வைனில் தமிழ் குழம்பித் தெரிவது: எழுத்துருதான் காரணம்

வணக்கம். லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தில், விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்க உதவும் வைன் மூலம் உங்கள் பழைய விண்டோஸ் பில் மென்பொருள் திறக்கிறது, எண்கள் சரி, ஆனால் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அந்த அரைப்புள்ளியே காட்டிக் கொடுக்கிறது. பாமினி எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில்தான் இருக்கும். பெயர்கள் யூனிகோடில், அதாவது எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில், இல்லை. ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டு, பாமினி இருந்தால் மட்டும் தமிழாகத் தெரிபவை.

வைன் பழுதில்லை. அது விண்டோஸை அப்படியே உள்ளே ஓட்டுவதில்லை. மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். கேட்ட எழுத்துரு இல்லையென்றால் வேறொன்றைப் போட்டுக் காட்டிவிடும்.

பழைய கணினியில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்பதில் பாமினி கோப்பு இருக்கும். அதை பென் டிரைவில் எடுத்து வாருங்கள். மின்டில் உங்கள் ஹோம் கோப்புறையைத் திறந்து கன்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் வைன் கோப்புறை தெரியும். அதற்குள் சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று போய் அங்கே ஒட்டுங்கள். அப்புறம் மென்பொருளை மூடித் திறங்கள்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: பெயர்களை யூனிகோடுக்கு மாற்றி உள்ளே போடாதீர்கள். இவ்வளவு பழைய மென்பொருளுக்கு அது புரியாது, பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். எழுத்துரு போட்ட பிறகும் சரியாகாவிட்டால் ஒரு திரைப்பிடிப்பு போடுங்கள், பார்க்கிறேன்.