தியானம் வேண்டும், மதம் வேண்டாம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். வேலைக்காக பிரான்ஸ் வந்து துலூஸில் குடும்பத்தோடு இருக்கிறேன். அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீடு பெரியார் கட்சி வீடு, எனக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் புத்தர் சொன்ன தியானம் மட்டும் மனசுக்குப் பிடித்திருக்கிறது. மொபைல் ஆப் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தால் நாலு நாள் நடக்கிறது, அப்புறம் விட்டுப்போகிறது. கூட உட்கார ஆள் இருந்தால் நிலைக்கும் என்று தோன்றுகிறது. இங்கே ஓர் இடத்துக்குப் போனேன், பாலி மொழியில் ஓதி விழுந்து வணங்கச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் ஒரு வார இறுதிக்கு முந்நூறு யூரோ கேட்டார்கள். சடங்கு, குரு, மறுபிறவி எதுவும் இல்லாத குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொரு சிக்கல், என் மனைவி யாழ்ப்பாணம். பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் முகம் மாறிவிடுகிறது. ஊரில் அம்மாவோ, "வடலூர் கூப்பிடு தூரத்துல இருக்கு, நீ ஏன்டா அங்க போய் புத்தரைத் தேடுறே" என்கிறார். என்ன செய்யலாம் அம்மா?
வாசகர், துலூஸ்

பதில்: தம்பி, மதமில்லாத பௌத்தக் குழு என்று போர்டு மாட்டிக்கொண்டு நடப்பவை எந்த ஊரிலும் குறைவுதான். போர்டு இல்லாமல் அப்படியே நடப்பவை நிறைய. அதனால் பெயரை விட்டுவிடுங்கள். ஒரு குழுவுக்குப் போனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அங்கே "எனக்கு இது வேண்டாம்" என்று சொன்னால் என்ன நடக்கிறது? வணங்க மாட்டேன் என்றால் யாராவது முகம் சுளிக்கிறார்களா, மறுபிறவியில் நம்பிக்கை இல்லை என்றால் போகப் போகப் புரியும் என்று தலையில் தட்டுகிறார்களா, நாலு வாரம் வராமல் இருந்தால் துரத்தித் துரத்தி போன் செய்கிறார்களா? இதற்கெல்லாம் இல்லை என்று பதில் வந்தால், மூலையில் புத்தர் சிலை ஒன்று இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் அங்கே உட்காரலாம். சிலையே இல்லாமல், பேச்செல்லாம் விஞ்ஞானமாக இருந்து, நடத்துபவரைக் கேள்வி கேட்க முடியாத இடமாக இருந்தால் அதுதான் மோசம்.

துலூஸில் இருப்பது ஒரு வகையில் நல்லது. மறுபிறவி, கர்மா இரண்டையும் நம்பாமலே புத்தர் காட்டிய வழியில் நடக்கலாம் என்று 1997-லேயே புத்தகம் எழுதி, அதனால் பழைய மரபுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஸ்டீஃபன் பேச்சலர் குடியிருப்பதே உங்கள் பக்கம்தான், போர்தோ அருகில். திபெத்திய மரபிலும் பிறகு கொரிய ஜென் மரபிலும் துறவியாக இருந்துவிட்டு அங்கியைக் களைந்தவர். அவரும் அவர் மனைவி மார்த்தினும் நடத்தும் வகுப்புகள் ஆன்லைனிலும் உண்டு. உங்கள் மனநிலைக்கு மிக நெருக்கமான குரல் அவருடையது.

இரண்டு மூன்று மணி நேரம் காரில் போனால் பிளம் வில்லேஜ். வியட்நாம் துறவி திக் நாட் ஹான் 1982-ல் தொடங்கியது. அவர் 2022-ல் காலமாகிவிட்டார், மடம் நன்றாக நடக்கிறது. இது துறவிகளின் மடம், பாட்டு, வணக்கம் எல்லாம் உண்டு, ஆகவே நீங்கள் கேட்டது அப்படியே இது அல்ல. ஆனாலும் நம்பிக்கை இல்லாதவரை அங்கே யாரும் ஒதுக்குவதில்லை. மணி ஒன்று அடிக்கும், உடனே காய் நறுக்குபவர் கத்தியை வைத்துவிட்டு நிற்பார், பேசிக்கொண்டிருப்பவர் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார், மூன்று மூச்சு விட்டபின் எல்லாரும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இதைச் செய்ய எந்தக் கடவுளும் வேண்டியதில்லை. அந்த வழியில் பயிலும் சிறு குழுக்கள் பிரான்சில் பல ஊர்களில் இருக்கின்றன, பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில், வாரம் ஒரு மாலை கூடுவார்கள்.

இப்படிப்பட்ட மாலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் கூச்சம் குறையும். வாசலில் செருப்பைக் கழற்றுவீர்கள். மெத்தை, மணை, நாற்காலி மூன்றும் இருக்கும். முட்டி வலித்தால் நாற்காலியில் உட்காருங்கள், சம்மணம் போட்டால்தான் தியானம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. இருபது முப்பது நிமிஷம் அமைதி, பிறகு அந்த அறைக்குள்ளேயே அடிமேல் அடி வைத்து ஒரு நடை, மறுபடி கொஞ்சம் அமைதி, யாராவது ஒரு பக்கம் வாசிப்பார்கள். அதற்கு மேல்தான் நம் ஆட்களுக்குச் சங்கடம் ஆரம்பிக்கும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக மனதில் இருப்பதைச் சொல்வார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி தன் விவாகரத்தைப் பற்றிப் பேசுவார், யாரும் அறிவுரை சொல்ல மாட்டார்கள், கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். உங்கள் முறை வரும்போது கைகூப்பிவிட்டு அடுத்தவருக்கு விட்டுவிடலாம். மாசக்கணக்கில் அப்படியே இருந்தாலும் தப்பில்லை. கடைசியில் சூடாக ஒரு மூலிகைத் தேநீர், வாசலருகே ஒரு கிண்ணம், அதில் முடிந்ததைப் போடலாம்.

பணம் கேட்டாலே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். வார இறுதிக்கு முந்நூறு யூரோ, தங்க இடமும் சாப்பாடும் சேர்த்து என்றால் பிரான்சில் அது அநியாய விலை இல்லை. அதில் எவ்வளவு தங்கும் செலவு, எவ்வளவு ஆசிரியருக்கு என்று நேரடியாகக் கேளுங்கள், ஒழுங்கான இடம் என்றால் மழுப்பாமல் சொல்லும். அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என்று ஏணி வைத்து ஒவ்வொரு படிக்கும் காசு வாங்கும் இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

தேடும் வழி ஒன்று சொல்கிறேன், இது நெட்டில் தேடுவதை விட நல்லது. செப்டம்பர் தொடக்கத்தில் பிரான்சின் ஊர் ஊராக அங்குள்ள சங்கங்கள் எல்லாம் ஒரே மைதானத்தில் மேஜை போட்டு உட்காருமே, உங்கள் பிள்ளைகளை ஜூடோவுக்கும் நீச்சலுக்கும் சேர்க்க ஒருவேளை நீங்களே போயிருப்பீர்கள், அங்கே யோகா, தியான மேஜைகளும் இருக்கும். நடத்துபவரை நேரில் பார்த்து நாலு வார்த்தை பேசினாலே பாதி தெரிந்துவிடும். கேட்கும்போது 'மெதித்தாசியோன் லாயிக்', அதாவது மதம் சாராத தியானம் என்று கேளுங்கள், அந்த நாட்டில் அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் புரியும். சந்தேகமாக இருக்கும் குழுவைப் பற்றிக் கேட்க, மதப் போர்வையில் ஆட்களைப் பிடித்துவைக்கும் கூட்டங்களைக் கண்காணிக்கும் மிவிலூத் என்ற அரசு அமைப்பு 2002 முதல் இருக்கிறது, அவர்களுக்கு எழுதலாம். இது வீண் பயம் இல்லை தம்பி. பிரான்சிலேயே பேர்போன ஒரு திபெத்திய மையத்தின் குருவைப் பற்றி அவருடைய நெடுநாள் சீடர்கள் எட்டுப் பேர் 2017-ல் கடிதம் எழுதி, அடி உதையையும் பாலியல் அத்துமீறலையும் வெளியே கொண்டுவந்தார்கள். அத்தனை வருஷம் கேள்வி கேட்க முடியாமல் இருந்ததுதான் அங்கே நோய்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். அவர் முகம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது, அது உங்களுக்கும் எனக்கும் செய்தியாக வந்தது, அவர் குடும்பத்துக்கு வீட்டுக்குள் வந்தது. மணிமேகலையும் நம்முடையதுதான், நாகப்பட்டினத்தில் சோழர் காலத்து சூடாமணி விகாரம் இருந்தது, பௌத்தம் சிங்களவருக்கு மட்டும் சொந்தமில்லை என்றெல்லாம் எடுத்துச் சொல்லத் தோன்றும். எல்லாம் உண்மை. ஆனால் அதை அவரிடம் வாதமாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வலிக்கு வரலாறு பதில் ஆகாது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், அங்கே யார் யார் என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வீட்டில் சிலை வேண்டாம் என்றால் வைக்காதீர்கள், தியானத்துக்கு அது தேவையும் இல்லை. அவராகவே ஒருநாள் முயன்று பார்க்கலாம் என்றால், மருத்துவ வழியில் வந்த எட்டு வார தியான வகுப்பு அவருக்குப் பொருந்தும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1979-ல் ஜான் கபட்-ஜின் நீண்டகால வலி உள்ள நோயாளிகளுக்காகத் தொடங்கியது, பிரான்சில் மனநல மருத்துவர்களே நடத்துகிறார்கள், புத்தர் பெயரே வராது. ஒன்றை மட்டும் நடத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போரைக் கண்டவர்கள் கண்ணை மூடி அமைதியாக உட்காரும்போது பழைய சத்தங்கள் திரும்பி வரலாம். கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, கொஞ்ச நேரமே உட்காரலாம், எழுந்தும் போகலாம். இது தெரியாத ஆசிரியரிடம் அவரை அனுப்பாதீர்கள்.

அம்மாவிடம் சண்டை வேண்டாம். வள்ளலாரைப் பிடித்தவருக்கு சாதியும் சடங்கும் வேண்டாம் என்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவரோடு வடலூருக்கே ஒரு நடை போய் வாருங்கள். உங்கள் வீட்டுப் பின்னணிக்கும் இது அந்நியம் இல்லை. பெரியார் 1954-ல் ரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்குப் போய் அங்கே அம்பேத்கரைச் சந்தித்தவர். அதற்கும் முன்னால், அயோத்திதாச பண்டிதர் 1898-ல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். லட்சுமி நரசு என்ற அறிவியல் பேராசிரியர் 1907-ல் சென்னையிலிருந்தே பகுத்தறிவு நோக்கில் பௌத்தத்தை விளக்கி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார், அதன் 1948 பதிப்புக்கு முன்னுரை தந்தவர் அம்பேத்கர். வெள்ளைக்காரர்கள் இன்று புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் மதமில்லாத பௌத்தத்தை நம்மவர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே பேசிவிட்டார்கள். எனக்கு இதில் ரொம்பப் பெருமை உண்டு, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஒன்றும் சரிப்படவில்லை என்றால் நீங்களே தொடங்குங்கள். உங்களைப் போல நாலு நாள் உட்கார்ந்து விட்டுவிடுகிற ஒருவர் உங்கள் ஆபீசிலேயே இருப்பார். வாரம் ஒரு மாலை, ஒரே கிழமை, ஒரே நேரம், அரை மணி. ஆசிரியர் வேண்டாம், போனில் மணி அடிக்கச் செய்தால் போதும். ஒருவர் வராவிட்டாலும் மற்றவர் உட்கார்ந்துவிட வேண்டும், அந்த ஒரு விதியை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகள் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போகிறாளாம். பத்து நாளும் போன் கிடையாது, பேச்சே கிடையாது என்கிறாள். மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இங்கே அரவிந்தர் ஆசிரமத்தில் சமாதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் வராத அமைதியா அங்கே வரப்போகிறது?
வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் சமாதிக்குப் பக்கத்தில் உட்காரும்போது உங்கள் மதம் என்ன என்று யாரும் கேட்பதில்லை இல்லையா, அங்கேயும் கேட்க மாட்டார்கள். பர்மாவில் பிறந்த இந்திய வியாபாரி கோயங்கா 1969-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை இது. மதம் மாறச் சொல்வதில்லை. முதல் நாள் மாலை புத்தம், தம்மம், சங்கம் என்று அடைக்கலம் சொல்லவைப்பார்கள், ஐந்து ஒழுக்கங்களை ஏற்கச் சொல்வார்கள், மாலை உரைகளில் மறுபிறவியும் வரும், இதை உங்கள் மகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். (துலூஸ் தம்பியும் இதைப் படித்துக்கொள்ளட்டும். அங்கே வாராந்தரக் கூட்டுத் தியானமும் உண்டு, ஆனால் பத்து நாள் முடித்தவர்களுக்கு மட்டும்.)

விடிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார வேண்டும், ஆண்களும் பெண்களும் தனித்தனியாகத் தங்குவார்கள், சைவச் சாப்பாடு, புதியவர்களுக்குச் சாயங்காலம் டீயும் பழமும்தான். கட்டணம் இல்லை, முகாமை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். போதனைகள் தமிழிலும் பதிவாகி இருக்கின்றன, சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் ஒரு மையம் இருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது மதத்தை அல்ல, அவள் உடம்பையும் மனசையும். இப்போது தூக்கம் கெட்டிருக்கிறாளா, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறாளா, அண்மையில் பெரிய அதிர்ச்சி ஏதும் நடந்ததா? கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இந்த முகாம் ஏற்றதல்ல என்று அவர்களே சொல்கிறார்கள், விண்ணப்பத்திலும் கேட்பார்கள், அதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். அப்படி ஏதும் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போகட்டும், அவசரம் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் சந்தோஷமாக அனுப்பிவையுங்கள். கிளம்புமுன் மையத்தின் ஆபீஸ் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் அவசரம் என்றால் அதில் சொன்னால் அவளிடம் சேர்த்துவிடுவார்கள்.