ஃபீல் சூராவும் ஏழு வயதுப் பிள்ளையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் பெங்களூரு டேனரி ரோட்டில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது. படிப்பது இங்கிலீஷ் மீடியம், வீட்டில் தமிழ், சாயங்காலம் மக்தபில் (குர்ஆன் வகுப்பில்) ஹஜ்ரத் (ஆசிரியர்) உருதுவில் சொல்லிக்கொடுக்கிறார். குர்ஆனின் சிறிய அத்தியாயமான ஃபீல் சூராவைத் தமிழில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்தேன். இரண்டு நாளில் ஒப்பித்துவிட்டான். அடுத்த வாரம் கேட்டால் முதல் ஆயத்திலிருந்து (வசனத்திலிருந்து) மூன்றாவதுக்குத் தாவுகிறான், 'அபாபீல்' வர வேண்டிய இடத்தில் 'ஸிஜ்ஜீல்' என்கிறான். எழுத்து உச்சரிப்பு தப்பு என்கிறார் ஹஜ்ரத். ஹஜ்ரத் ஓதுவதே நம்ம ஊர் ஓதல் மாதிரி இல்லை என்கிறார் என் மாமியார். என்ன செய்யட்டும்? அர்த்தமும் இப்போதே சொல்லலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். முதல் வேலையாக அந்தத் தமிழ்த் தாளை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு உதவும் என்று பல வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள், பாதிக் கோளாறு அங்கிருந்துதான் வருகிறது. மூன்றாவது ஆயத்தில் 'தைரன்', நான்காவதில் 'தர்மீஹிம்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'த'. அரபியில் முன்னது தடித்த 'தோ', பின்னது மெல்லிய 'தே'. 'தர்மீஹிம் பிஹிஜாரதின்' என்று எழுதினால் இரண்டு 'ஹி'யும் ஒன்றாகத் தெரியும். முதலாவது சாதாரண ஹே, இரண்டாவது தொண்டையின் நடுவிலிருந்து வரும் ஹா. 'ஃபஅல'வில் ஐன் என்ற தொண்டை எழுத்து இருக்கிறது. தமிழ் பார்த்து ஓதும் பிள்ளை அதை 'ஃபால' என்று நீட்டிவிடும். கடைசி வார்த்தை 'மஃகூல்' அப்படியே 'மாகூல்' ஆகிவிடும். ஒருமுறை இப்படிப் படிந்துவிட்டால் திருத்த, புதிதாக மனனம் செய்வதைவிட அதிக நாள் பிடிக்கும்.

அவனுக்கு இன்னும் கூட்டி ஓத வராவிட்டாலும் பரவாயில்லை. காதால் கேட்டு, விரலை அரபி வரியில் வைத்து ஓதட்டும். மக்தபில் எந்த அச்சில் ஓதுகிறானோ அதே அச்சுப் பிரதியை வீட்டிலும் வையுங்கள். நம் நாட்டு அச்சிலும் மதீனா அச்சிலும் எழுத்தமைப்பும் குறிகளும் வேறு வேறு. செல்போன் செயலிகள் பலவற்றில் மதீனா அச்சுதான் இருக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பார்த்தால், 'அந்தப் பக்கத்தில் மேலே மூன்றாவது வரி' என்று கண் பிடித்து வைத்திருக்கும் அடையாளம் கலைந்துபோகும். கேட்பதற்கு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் (1917–1980) நிதானமான ஓதல் போதும். ஒரே காரியின் (குர்ஆன் ஓதுபவரின்) குரலையே தொடர்ந்து கேட்கட்டும்.

தாவுவதற்கு வருகிறேன். முதல் இரண்டு ஆயத்தும் 'அலம்' என்றே தொடங்குகின்றன: 'அலம் தர', 'அலம் யஜ்அல்'. முதல் நான்கும் 'ஈல்' என்றே முடிகின்றன: ஃபீல், தள்லீல், அபாபீல், ஸிஜ்ஜீல். முதல் ஆயத்தை முடித்ததும், 'அலம்' வரியைத்தான் ஓதியாயிற்றே என்று பிள்ளையின் காது ஏமாறுகிறது. அவனுக்கு ஐந்து ஆயத்தும் தனித்தனியாகத் தெரியும். அறுபடுவது இரண்டு ஆயத்து சேரும் இடத்தில். அந்த இடத்தைத் தனியாக ஓத வையுங்கள். 'பிஅஸ்ஹாபில் ஃபீல், அலம் யஜ்அல்' என்று மட்டும் ஐந்து தடவை. பிறகு 'ஃபீ தள்லீல், வஅர்ஸல'. பிறகு 'அபாபீல், தர்மீஹிம்'. பிறகு 'ஸிஜ்ஜீல், ஃபஜஅலஹும்'. முழுச் சூராவைப் பத்துத் தடவை ஓதச் சொல்வதைவிட இந்த நான்கு மூட்டுகளும் சீக்கிரம் பலன் தரும்.

புது ஆயத்து ஒரு நாளைக்கு ஒன்றே போதும். ஸ்கூல் வேன் வருவதற்கு முன் பத்து நிமிஷம். நீங்கள் மூன்று தடவை ஓத அவன் விரல் வைத்துக் கேட்கட்டும். ஐந்து தடவை சேர்ந்து ஓதுங்கள். பிறகு அவன் தனியாகப் பார்த்து ஐந்து, பார்க்காமல் மூன்று. நான்காவது ஆயத்து நாக்கில் சிக்கினால் பின்னாலிருந்து வாருங்கள்: முதலில் 'ஸிஜ்ஜீல்', அப்புறம் 'மின் ஸிஜ்ஜீல்', அப்புறம் 'பிஹிஜாரதிம் மின் ஸிஜ்ஜீல்', கடைசியில் முழு ஆயத்து. ஒவ்வொரு தடவையும் தெரிந்த வார்த்தையில் போய் முடிவதால் பிள்ளை தடுமாறாது. மஃரிபுக்குப் பிறகு ஐந்து நிமிஷம், அதுவரை ஓதியது எல்லாம் பார்க்காமல். தப்பு வந்தால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டாம். மேஜையில் லேசாகத் தட்டுங்கள், அவனே தேடட்டும். வராவிட்டால் அடுத்த வார்த்தையை மட்டும் சொல்லுங்கள். அடியும் வேண்டாம், ஆயத்துக்கு இத்தனை ரூபாய் என்ற பேரமும் வேண்டாம்.

அர்த்தத்தை இப்போதே சொல்லுங்கள், முதல் நாளே சொல்லுங்கள். இந்தச் சூரா ஒரே சம்பவம். யமனிலிருந்து அப்ரஹா கஃபாவை இடிக்க யானைப் படையோடு வந்தது, நபி (ஸல்) அவர்கள் பிறந்த ஆண்டில், ஏறத்தாழ கி.பி. 570இல் என்று சீரா (நபி வரலாற்று) நூல்கள் சொல்கின்றன. ஐந்து விரலில் ஐந்து ஆயத்து: யானைக்காரர்கள், பாழாய்ப்போன சூழ்ச்சி, கூட்டங்கூட்டமாகப் பறவைகள், சுட்ட களிமண் கற்கள், தின்று போட்ட வைக்கோல். பறவை வந்த பிறகுதானே கல் விழும்? இதைப் புரிந்துகொண்ட பிள்ளை அபாபீலுக்கு முன்னால் ஸிஜ்ஜீலைச் சொல்லாது. உங்கள் மகனின் குழப்பத்துக்கு இதுவே நேரான மருந்து.

மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 'தள்லீல்' என்பதில் உள்ள ளாத் என்ற எழுத்தைத் தமிழ்நாட்டில் 'ள' சாயலில் ஓதிப் பழக்கம், உருது பேசுகிறவர்கள் 'ஜ' சாயலில் ஓதுவார்கள். ரமளான், ரம்ஜான் என்று சொல்கிறோமே, அதே எழுத்துதான். சரியான உச்சரிப்பு இரண்டும் அல்ல. நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களின் பக்கத்தில் அழுந்த வேண்டும். எழுதிப் புரியவைக்க முடியாத எழுத்து இது. தஜ்வீது (ஓதும் உச்சரிப்பு விதி) தெரிந்தவர் எதிரில் உட்கார்ந்துதான் படிய வேண்டும். ஹஜ்ரத்திடமே, இந்த ஒரு எழுத்தைத் தனியாகப் பாருங்கள் என்று கேளுங்கள். 'ஹிம் பிஹி' என்று மீம், பே என்ற இரண்டு எழுத்தும் சேரும் இடத்தில் வரும் குன்னாவையும் (மூக்கொலியையும்) அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை காதுபட ஹஜ்ரத்தையோ பாட்டியையோ குறை சொல்ல வேண்டாம். யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் அந்த எழுத்து வரும்போதெல்லாம் குரலை விழுங்க ஆரம்பித்துவிடுவான்.

இரண்டு நாளில் ஒப்பித்தது ஒரு வாரத்தில் போனதில் அதிசயம் இல்லை. குர்ஆனை மனனம் செய்ய வைக்கும் ஹிஃப்ழு மத்ரஸாக்களில் புதுப் பாடம் சபக், அண்மையில் முடித்தது சபகீ, பழையது மன்ஸில் என்று மூன்றையும் தினமும் ஓத வைப்பது இதற்காகத்தான். உங்கள் வீட்டில் அதற்குத் தொழுகையே போதும். ஐந்து ஆயத்தும் வந்த பிறகு, ஒரு வாரம் சுன்னத் தொழுகைகளில் உங்கள் காதில் விழும்படி ஃபீல் சூராவையே ஓதட்டும். பார்க்காமல் உட்கார்ந்து ஓதுவது வேறு, தொழுகையில் நின்று ஓதுவது வேறு. எங்கே பலவீனம் என்று அங்கேதான் தெரியும்.

அந்த வாரம் தடங்கல் இல்லாமல் போனால் அடுத்தது குறைஷ் சூரா, 4 ஆயத்து. அதில் இரண்டாவது ஆயத்தின் தொடக்கத்தில் கவனம் வையுங்கள். 'ஈலாஃபிஹிம்' என்பதில் யே எழுத்து இல்லாததால் பிள்ளைகள் 'இலாஃபிஹிம்' என்று குறுக்கி ஓதிவிடுவார்கள்.