ரீச்சரைக் கேளுங்கள்: மெட்டுக்கு எச்சில் உண்டா?

கேள்வி: ரீச்சர், எங்கள் அம்மன் கோயில் பூங்காவனத் திருவிழாவில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து பாடினோம். மெட்டு ஒரு பழைய சினிமாக் காதல் பாட்டு, சொல் எங்கள் சொந்தச் சொல். பெரியப்பா, "எச்சில் மெட்டையா அம்மனுக்குப் படைக்கிறீர்கள்?" என்று எல்லோர் முன்னும் ஏசிவிட்டார். பேராதனையில் படிக்கும் மகனோ, "இத்தாலியில் அறுநூறு வருசத்துக்கு முதலே இப்படித்தான் பாடினவை, அம்மா" என்கிறான். உண்மையா? இனிப் பாடலாமா, விடலாமா?
- வாசகி, சாம்பல்தீவு

பாடுங்கள், பிள்ளை. மகன் சொன்னது உண்மை.

புளோரன்ஸ் நகரத்தில் 'லாவுதா' என்றொரு பாட்டு வகை இருந்தது. துதிப்பாட்டு என்று சொல்லலாம். பூசை மொழி லத்தீன். இதுவோ வீட்டில் பேசுகிற இத்தாலிய மொழியில். பாடினவர்களும் குருமார் அல்லர். கடைக்காரரும் கைத்தொழில் செய்வோரும் சங்கம் வைத்து, மாலையில் வேலை முடிந்து வந்து, மாதாவின் படத்துக்கு முன்னால் நின்று பாடினார்கள். நம் ஊர்க் கூட்டுப்பிரார்த்தனையை நினைத்துக்கொண்டால் சரி. சுரம் வாசிக்கத் தெரியாத கூட்டத்துக்குப் புதுப்பாட்டு எப்படிப் போய்ச் சேரும்? ஏற்கெனவே வாயில் இருக்கிற மெட்டில் ஏறித்தான் போகும். அதனால் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பாட்டுக் கொப்பிகளில் லாவுதாவின் தலைப்பிலேயே 'கந்தாசி கோமே' என்று எழுதி, ஒரு காதல் பாட்டின் முதலடியையும் போட்டார்கள். 'இன்ன பாட்டுப்போலப் பாடுவது' என்று அர்த்தம். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் 'வர்ணமெட்டு' என்று போட்டிருக்குமே, அதேதான்.

அந்த மெட்டுகளில் பல பிரான்செஸ்கோ லாண்டினியுடையவை. சின்ன வயதில் அம்மை கண்டு பார்வை போனவர். ஆர்கன் வாசிப்பதில் பெரும் புகழ் பெற்று 1397இல் காலமானார். பல்லவி திரும்பத் திரும்ப வரும் 'பல்லாத்தா' என்ற வகையில் மட்டும் ஏறத்தாழ 140 பாட்டுகள் அமைத்தார், பெரும்பாலும் காதல். "காதலே, இந்தப் பெண்ணை என்மேல் இரங்கச் செய்" என்ற கருத்தில் தொடங்கும் ஒன்றின் மெட்டில் கன்னி மரியாளுக்கு லாவுதா பாடினார்கள். லாவுதாவும் அதே பல்லாத்தா அமைப்பில், அசைக் கணக்குத் தப்பாமல் எழுதப்பட்டதால் பழைய சொல் இறங்கிய இடத்தில் புதுச்சொல் பிசகில்லாமல் அமர்ந்தது.

இதில் பெண்களும் இருந்தார்கள். நகரத்தையே கையில் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்தின் லுக்ரேசியா தோர்னபுவோனி, ஆண்டவர் வருகையைப் பற்றி ஒரு லாவுதா எழுதினார். மே மாதத்தை வரவேற்றுக் காதலரும் கன்னியரும் ஆடும் பாட்டொன்றின் மெட்டு அதற்கு. அந்த அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டிருப்பார் என்று நினைக்கும்போதே எனக்கு மனம் நிறைகிறது. பிறகு 1490களில் சவொனரோலா என்ற கடுந்துறவி வந்தார். 1497இல் முகமூடிகளையும் அலங்காரப் பொருள்களையும் மலைபோல் குவித்து எரிப்பித்தவர். தவக்காலத்துக்கு முந்திய கொண்டாட்டமான கார்னிவல் காலத்தில் பிள்ளைகள் பழைய களியாட்டப் பாட்டை விட்டு லாவுதா பாடி ஊர்வலம் போனது அவர் காலத்தில்தான். அவரே லாவுதா எழுதியிருக்கிறார்.

பெரியப்பா மார்கழியில் திருவாசகம் படிப்பவராயிருந்தால் ஒன்று கேளுங்கள். அம்மானை, சாழல், பொன்னூசல், பூவல்லி எல்லாம் யாருடைய பாட்டு? பெண்பிள்ளைகள் காய் எறிந்தும் ஊஞ்சலாடியும் பூக்கொய்தும் பாடினவை. மணிவாசகர் அவற்றுக்குத் 'திரு' சேர்த்துச் சிவனுக்குக் கொடுத்தார். எச்சிலென்றால், கண்ணப்பர் வாயில் கொண்டுவந்த நீரில்தானே காளத்தியார் நனைந்தார்.

ஆனால் மெட்டைத் தெரிவுசெய்யும்போது கவனம் வேண்டும். உவர்மலைக்கு நான் குடிவந்த புதிதில், கடற்கரையோரக் கோயிலொன்றுக்கு இப்படியொரு பாட்டு எழுதிக்கொடுத்து, ஆர்மோனியமும் நானே வாசித்தேன். சினிமாப் பாட்டில் 'கண்ணே' என்று நீண்டு வரும் இடத்தில் 'காளி' என்று போட்டிருந்தேன். வலை தெரிந்த கைகளோடு வந்திருந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர். முதல் நாளே மெட்டு வந்துவிட்டது. அந்த இடம் வந்ததும் பாதிப்பேர் வாயில் 'கண்ணே' என்றே விழும், மற்றவர்கள் சிரித்துவிடுவார்கள். மூன்று நாள் திருத்திப் பார்த்தேன், முடியவில்லை. நாலாம் நாள் என் சொல்லை அடித்துவிட்டு 'கண்ணே' என்றே எழுதினேன். அம்மனைக் கண்ணே என்று கூப்பிட நமக்கென்ன தடை? அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி நாள் தீபம் காட்டும்போது அந்தச் சொல்லில் ஒரு கிழவி அழுதார்.

ஆகவே, பாட்டைக் கேட்டதும் நடிகர் முகம் முந்தி வரும் என்றால் அந்த மெட்டை விடுங்கள். நேற்று வந்த படத்துப் பாட்டு வேண்டாம். குழந்தை தூங்கப் பாடியும் அரிசி புடைக்கையில் முணுமுணுத்தும் வீட்டில் பழகிப்போன மெட்டாக எடுங்கள். தாளத்துக்காகச் சொல்லை முறிக்க வேண்டாம். 'அம்மன்' என்ற சொல்லின் நடுவில் மூச்சு வாங்க வைத்தால் பெரியப்பா ஏசுவது நியாயம்.

கேள்வி: கோயில் பெருவிழாவுக்குப் பாட்டுப் புத்தகம் அச்சடிக்கிறோம். அம்மம்மா காலத்துப் பாட்டுகள் சில நாடகப் பாட்டு மெட்டில் இருக்கின்றன. அந்தப் பெயர்களைப் போடக் கூச்சமாயிருக்கிறது. விட்டுவிடலாமா?
- வாசகர், பாலையூற்று

விடவேண்டாம், தம்பி. கூச்சத்துக்கு இடமேயில்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், தலைவன்மேல் காதல் கொண்ட பெண்ணுக்குக் குறத்தி குறிசொல்லும் குறவஞ்சியை எடுத்துத்தான் இயேசுநாதர்மேல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார்.

ஒவ்வொரு பாட்டின் தலையிலும் மெட்டின் முதலடியைப் போடுங்கள். சுரம் எழுதத் தெரிந்தவர் கிடைத்தால் அதையும் சேருங்கள். புளோரன்ஸ் கொப்பிகளில் 'இன்னதுபோல' என்று குறித்த காதல் பாட்டுகளில் பலவற்றுக்கு இன்று மெட்டும் இல்லை, மீதிச் சொல்லும் இல்லை. அந்த ஓர் அடிதான் மிச்சம். செராபினோ ராஸ்ஸி என்ற துறவி 1563இல் வெனிஸில் ஒரு லாவுதாப் புத்தகம் வெளியிட்டார். அவர் மெட்டையும் சுரக்குறியோடு அச்சிட்டார். தெருவில் பாடிய பழைய கார்னிவல் பாட்டுகள் சிலவற்றை இன்று பாட முடிகிறதென்றால் அது அந்தத் துறவியின் பக்திப் புத்தகத்தால்தான். உங்கள் அம்மம்மா பார்த்த நாடகங்களுக்கு வேறு யார் கொப்பி வைத்திருக்கிறார்கள்?