28 மீட்டர் எங்கே போனது?

அன்புள்ள அக்கா,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு. எல்லாமே பிளாக்குகளால், அதாவது சதுரக் கட்டைகளால் ஆன மைன்கிராஃப்ட் என்ற வீடியோ கேமில் ஒரு பாறை உச்சியிலிருந்து, கீழே வெட்டி வைத்த குளத்துக்குள் குதித்து ஸ்டாப்வாட்சில் நேரம் எடுத்தேன். பத்து முறை குதித்ததில் சராசரி 2 விநாடி. அரை ஜி டி ஸ்கொயர் போட்டால் 19.6 மீட்டர். பிளாக்குகளை எண்ணினால் 48. ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்கிறார்கள். மீதி 28 மீட்டர் எங்கே போனது? முன்பு 13 பிளாக் மேட்டிலிருந்து குதித்தபோது 1 விநாடி வந்தது. அதுவும் ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். கேம் பொய் உலகம், அங்கே இயற்பியல் செல்லாது என்று முடிவு செய்துகொள்ளலாமா? பிளாக் இல்லாத கேம்களில் தூரத்தை எப்படி அளப்பது? பரீட்சை நேரத்தில் இது வெட்டி வேலை என்கிறான் அண்ணன்.

கே.

அன்புள்ள கே.,

பத்து முறை குதித்துச் சராசரி எடுத்தாயே, அந்த ஒரு வரிக்காகவே உன்னைப் பிடித்துப்போனது. மற்ற வரிகளுக்குக் காதைத் திருக வேண்டும். அண்ணன் சொன்னதை விடு. பரீட்சையை எழுதிவிட்டு வா, பாறை அங்கேயேதான் இருக்கும்.

நீ ஜி என்று போட்ட 9.8 பூமியின் ஈர்ப்புக்கான எண். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வேறோர் உலகத்துக்குள் போகிறாய், ஒத்துவரவில்லை என்றதும் அந்த உலகத்தையே பொய் என்கிறாய். நிலாவில் நின்று கல்லைப் போட்டிருந்தால் நிலாவையும் பொய் என்பாயா? அங்கே 1.6தான்.

உன்னிடம் உயரம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. தெரியாதது ஜி மட்டும்தான் தம்பி. சூத்திரத்தைத் திருப்பிப் போடு. 48 பிளாக்குக்கு 24 வரும். 13 பிளாக்குக்கு 26. நீ வேண்டாமென்று விட்ட அந்த 13தான் தங்கம். வெறும் ஈர்ப்பு மட்டும் இருந்தால், இரட்டை நேரத்தில் நாலு மடங்கு, அதாவது 52 பிளாக் விழுந்திருப்பாய். நாலு குறைகிறது. எதுவோ பிடித்து இழுக்கிறது! அந்த உலகத்திலும் காற்று இருக்கிறது. விநாடிக்கு 20 துடிப்பாக ஓடும் கேம் அது. ஒவ்வொரு துடிப்பிலும் விழும் வேகம் 0.08 பிளாக் கூடும், பிறகு அதில் 2 சதவீதம் கழியும். கழிவை விட்டுக் கணக்குப் போட்டால் ஈர்ப்பு 32. கழிவையும் சேர்த்தால், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் வேகம் விநாடிக்கு 78.4 பிளாக்கைத் தாண்டாது. இவ்வளவு ஒழுங்காக விழுகிற உலகத்தில் இயற்பியல் செல்லாது என்று எப்படி எழுத மனம் வந்தது?

போன வாரம் ஊட்டியில் என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்றேன். எதிர்ச்சரிவில் கற்பூர மரங்கள் இல்லை, கேரட் போட்டிருக்கிறார்கள். எட்டாவது படிக்கும்போது ஒரு ஜனவரிக் காலையில் சயின்ஸ் சார் எங்களை அங்கே கூட்டிப்போனார். புல்லெல்லாம் உறைபனி. எதிரே ஒருவர் கற்பூரக் கட்டையைப் பிளந்துகொண்டிருந்தார். கோடாலி இறங்கும்போது சத்தமே இல்லை. அது திரும்பவும் தலைக்குமேல் போய் நிற்கும்போதுதான் ‘டொக்’ என்று கேட்டது. சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். நிமிடத்துக்கு 20 வெட்டு. வெட்டுக்கு 3 விநாடி, சத்தம் வருவது அதில் பாதியில், ஆக 1.5 விநாடி. புத்தகத்தில் ஒலியின் வேகம் 340. “510 மீட்டர் சார்” என்று கத்தினேன். அவர் சட்டைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக் காட்டினார். 2 டிகிரி.

“உன் புத்தகத்துக்குக் குளிரல புள்ள. இங்க குளிருது.”

பூஜ்ய டிகிரியில் ஒலி விநாடிக்கு 331 மீட்டர் போகும், டிகிரிக்கு 0.6 கூடும். திரும்பப் போட்டேன், 498. குறைந்த 12 மீட்டரில் ஒரு வீடு கட்டிக் குடியிருக்கலாம் என்றார் சார்.

அந்த வருடப் பரீட்சையில் ஒலியின் வேகம் 332 என்று எழுதினேன், பக்கத்திலேயே 2 டிகிரி என்றும் எழுதினேன். திருத்தியவர் சிவப்பு மையில் அடித்து இரண்டு மதிப்பெண்ணைக் கழித்தார். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. எந்தக் குளிரில், எந்த உயரத்தில் என்று கேட்கவிடாமல் எண்ணை மட்டும் பிள்ளைகள் வாயில் திணிக்கிறோம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்த எங்கள் வீட்டு அடுப்பில் அது 93-க்குப் பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருந்தது. இங்கே பருப்பு வேக நேரமாகும் என்று அம்மாவுக்குத் தெரியும், எங்கள் பாடத்துக்குத் தெரியாது. நீயும் 9.8-ஐ அப்படித்தான் விழுங்கியிருக்கிறாய். உன்னைத் திட்டுகிறேன், ஆனால் கோபம் உன்மேல் இல்லை.

பிளாக் இல்லாத கேமில் ஒரு கதவையோ, ஆளின் உயரத்தையோ அளவுகோலாகப் பிடித்துக்கொள், அதை வைத்து மற்றதை அள. 1802-இல் நில அளவை அதிகாரி லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் செய்ததும் அதுதான். முதலில் சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் தரையில் அளந்தார். வெயிலில் எஃகு நீளும் என்று சங்கிலியை நிழலில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானியும் வைத்தார். மலைகளை எல்லாம் அதற்குப் பிறகுதான் தொட்டார்.

அந்த நாலு பிளாக் உன் கைத்தவறு என்று தோன்றினால் இன்னும் உயரத்துக்குப் போ. சரியாக 3 விநாடி விழும் உச்சியைத் தேடிப் பிடி, அதையும் பத்து முறை குதி. நாலு பெரிதாகிறதா என்று பார். பிளாக் எண்ணிக்கையையும் நேரத்தையும் மட்டும் எனக்கு எழுது. 9.8 அந்தக் கடிதத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது.

அன்புடன்,
அக்கா