ஸ்கேன் இருக்கட்டும், முதலில் பிரஷரைப் பாருங்கள்

கேள்வி: மகளுக்கு 16 வயது, எடை 72 கிலோ. வயதுக்கு வந்து நான்கு வருடமாகியும் மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. பள்ளி முகாமில் பிரஷர் 134/86 என்றார்கள். கல்யாணமானால் சரியாகும் என்கிறார் மாமியார். பிற்காலத்தில் குழந்தை உண்டாவதில் சிக்கல் வருமா? ஸ்கேன் எடுக்கவா? - ஒரு தாய், குளச்சல்

பதில்: மாமியார் சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வயதுக்கு வந்து மூன்று வருடம் தாண்டினால் 21 முதல் 35 நாளுக்குள் மாதவிலக்கு வர வேண்டும்.

ஆனால் ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். இந்த வயதில் சினைப்பையில் சிறு நீர்க்குமிழிகள் தெரிவது சகஜம். அதைப் பார்த்து ‘பிசிஓடி’ (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று சீட்டில் எழுதிவிட்டால் பிள்ளை காலமெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருக்கும். வளரிளம்பெண்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யக்கூடாது என்றுதான் இந்தக் கோளாறுக்கான 2023 சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது.

எனக்கு உறுத்துவது அந்த 134/86. உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கும். அது சினைப்பையில் ஆண் ஹார்மோனை ஏற்றிவிடும். முட்டை முதிராது, மாதவிலக்கு தள்ளிப்போகும். அதே இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைத்து பிரஷரையும் ஏற்றும். இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் தனித்தனியாகப் பார்ப்பது பல நேரம் ஒரே கோளாறைத்தான்.

சரி, முகாமில் எப்படி அளந்தார்கள்? கைப்பட்டை சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, சரியான பட்டையில், மூன்று வெவ்வேறு நாளில் பாருங்கள். 130/80க்குக் குறையவில்லை என்றால் அது உயர் ரத்த அழுத்தம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) பரிசோதனைகளுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

சாப்பாட்டில் மரச்சீனிக் கிழங்கை நிறுத்தச் சொல்ல மாட்டேன் (சொன்னாலும் நம்மூரில் யார் கேட்பார்கள்?). தட்டு நிறையக் கிழங்கு, ஓரத்தில் இரண்டு சாளை மீன் என்பதைத் திருப்பிப் போடுங்கள்: சாளையும் காயும் நிறைய, கிழங்கு ஓரத்தில். உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டிதான். கருவாடும் ஊறுகாயும் ஏத்தங்காய் சிப்ஸும் அந்தக் கணக்கில் சேரும். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டமோ நடையோ. டியூஷன் முடிந்து போனோடு படுத்தாலும் எட்டு மணி நேரத் தூக்கம் கெடக்கூடாது. பட்டினி வேண்டாம். மூன்று நான்கு கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிவிடுகிறது.

குழந்தை விஷயத்தில் இப்போதே கலங்க வேண்டாம். முட்டை முதிராதவர்களுக்கு அப்போது மாத்திரைகள் உண்டு, பெரும்பாலானோர் கருத்தரிக்கிறார்கள். பிரஷரை அப்படியே விட்டால்தான் கர்ப்பகாலத்தில் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து.

ஒருவேளை 90 நாள் தாண்டியும் மாதவிலக்கு வராவிட்டால், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.