வீட்டை நடத்திய அனுபவம் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி வேலைக்கு உதவுமா?

உதவும், ஆனால் பாதி தூரம்தான். தலைமைத்துவம் என்பது, நாம் பக்கத்தில் நிற்காதபோதும் வேலை சரியாக நடக்கும்படி செய்வது.

லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) விடியுமுன் எழும்பும் பெண்ணைப் பாருங்கள். தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை ஸ்கூலுக்கு வெளிக்கிடுத்தி, நேரத்துக்கு மலைக்குக் கொழுந்து பறிக்கவும் போகிறார். எதை முதலில் முடிப்பது, யாருக்கு எது கைவரும் என்பது அவருக்குத் தினக் கணக்கு. காலையில் எல்லோரும் கூடும் பெரட்டுக்களத்தில் ஆள் பிரிப்பதும் அதே கணக்குத்தான். கைதேர்ந்தவருக்குப் பக்கத்து நிரையைப் புதியவருக்குக் கொடுத்தால் பார்த்தே பழகிக்கொள்வார். புதியவர்களை ஒரே மூலையில் விட்டால் 'இரண்டு இலை, ஒரு மொட்டு' என்ற அளவு தப்பும்.

வீடு சொல்லித்தராத பகுதி, பறித்த கொழுந்தை நிறுக்கும் தராசடியில் இருக்கிறது. சாக்குக்கும் மழை ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிவு என்பதை நிறுக்கும் முன்பே எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் நியாயமான கழிவும் களவாகத்தான் தெரியும். தராசு முள்ளை அவரவர் பார்க்கட்டும். நிறையை அவர் கண்முன்னே எழுதுங்கள். சொந்தக்காரருக்கு அரைக் கிலோ கூட்டி எழுதினால் (வீட்டில் கடைக்குட்டிக்கு ஒரு ரொட்டி கூடப் போடுவதில்லையா, அந்தப் பழக்கம்தான்) மறுநாள் உங்கள் பேச்சு எடுபடாது.

அதட்டத் தெரிந்தவர்தான் நல்ல கங்காணி என்பது பலருடைய தவறான எண்ணம்: அதட்டினால் கை வேகமாகும், கூடையில் முற்றின இலையும் சேர்ந்தே விழும்.