பிரதேச சபைக்குக் கட்டும் டிப்பொசிற் காசு திரும்பக் கிடைக்குமா?

சபை மைதானத்தில் இரண்டு நாள் உணவுச் சந்தை போடப் போகிறீர்கள். வாடகைக்கு மேலே எதற்கு டிப்பொசிற், கட்டினால் அது திரும்பக் கைக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். ஆனால் அதை வாங்குகிற வேலை சந்தை முடிந்த பிறகு தொடங்குவதில்லை. காசு கட்டுகிற அன்றே தொடங்க வேண்டும். நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன்.

வன்னியில் எங்கள் ஊரில் பதினொரு பெண்கள் சேர்ந்து ஒரு குழுவாக இயங்குகிறோம். பாதிப் பேருக்கு மேல் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள். பனங்காய்ப் பணியாரம், எள்ளுருண்டை, ஒடியல் மா, மிளகாய்த்தூள் என்று செய்து விற்கிறோம். கணக்கு என்னுடைய பொறுப்பு. முதல்முறை சபை மைதானத்தை எடுத்தபோது நாள் வாடகை 3,000 ரூபா, டிப்பொசிற் 10,000 ரூபா. வாடகைக்கான 6,000 எங்கள் கையில் இருந்தது. டிப்பொசிற்றுக்கு இல்லை. ஒரு அக்கா தன் மகளின் படிப்புக்கென்று பிடித்த சீட்டுக் காசை எடுத்துத் தந்தார்.

சந்தை நன்றாகவே போனது. இரண்டாம் நாள் இரவு ஒன்பது மணிவரை நின்று கூட்டி, குப்பையை உரப்பையில் கட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். அன்று இரவு மழை. காலையில் சபையிலிருந்து வந்தவர் மைதானத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். கொட்டில்களுக்குக் கால் நட அலவாங்கால் கிண்டிய கிடங்குகள் பதினாறு. மண்ணைத் தள்ளி மூடியிருந்தோம், இடித்து இறுக்கவில்லை. மழைக்கு மண் இறங்கிவிட்டது. அவர் ஒரு கிடங்கில் காலை வைத்தார், செருப்போடு கணுக்கால்வரை உள்ளே போனது. "பிள்ளையள் பின்னேரம் இதிலதான் பந்தடிக்கிறவை, அக்கா" என்றார். அதில் அவர் சொன்னது முழுக்கச் சரி. ஒரு பிள்ளை ஓடிவந்து அதில் கால் வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

மனம் நொந்தது அடுத்த விஷயத்தில். கேற்றின் ஒரு பிணைச்சல் வளைந்திருந்ததையும் எங்கள் கணக்கில் எழுதினார்கள். நாங்கள் போகும்போதே அது அப்படித்தான் இருந்தது. ஆனால் அதைக் காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. இன்னொரு சிக்கலும் வந்தது. எங்களுக்குத் தந்த பற்றுச்சீட்டில் வாடகையையும் டிப்பொசிற்றையும் சேர்த்து 16,000 என்று ஒரே தொகையாக எழுதியிருந்தார்கள். எது வாடகை, எது வைப்பு (டிப்பொசிற்றைத்தான் சபையில் அப்படிச் சொல்வார்கள்) என்று கோவையில் தேடிப் பிரிக்கவே நாலு மாதம் போய்விட்டது. கடைசியில் 6,500 வந்தது. சீட்டுக் காசு தந்த அக்காவுக்கு மிச்சத்தை எல்லோரும் சேர்த்துக் கொடுத்தோம். அந்த நாலு மாதமும் அவர் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால் முதலில் இதை விளங்கிக்கொள்ளுங்கள். வாடகையும் அனுமதிக் கட்டணமும் சபையின் வருமானம், அது திரும்பாது. வைப்பு என்பது சபையிடம் இருக்கும் உங்கள் காசு. சபையின் கணக்குப் புத்தகத்திலும் அது உங்களுக்குத் தரவேண்டிய தொகையாகத்தான் இருக்கவேண்டும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டு கேளுங்கள், அல்லது ஒரே சீட்டில் இரண்டு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 'மீளளிக்கப்படும் வைப்பு' என்ற சொல் அதில் இருக்கவேண்டும். கவுண்டரில் பின்னால் ஆட்கள் நின்றாலும் அந்த ஒரு நிமிடத்தை விடாதீர்கள்.

காசு கட்டிய பிறகு, மைதானத்தில் ஒரு பொருளை இறக்குவதற்கு முன்னரே, சபை ஆள் ஒருவரோடு சேர்ந்து சுற்றிப் பாருங்கள். கேற், வேலி, தண்ணீர்க் குழாய், மலசலகூடக் கதவு எல்லாவற்றையும் படம் எடுங்கள். அதை அன்றே சபை உத்தியோகத்தருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் திகதியும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும். முடிந்த பிறகும் அதே இடங்களை அதே மாதிரிப் படம் எடுத்து, மறுநாளே வைப்பைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தள்ளிப் போடாதீர்கள். அரச நிதிப் பிரமாணம் 571 இன்படி இரண்டு வருடத்துக்கு மேல் கேட்பாரில்லாமல் கிடக்கும் வைப்பை வருமானத்துக்கு மாற்றிவிடலாம். உள்ளூராட்சிக் கணக்காய்விலும் அதே விதியைக் காட்டித்தான் கேட்கிறார்கள். 'காசு எங்கே ஓடப் போகிறது' என்று விட்டுவைத்த சங்கங்கள் எத்தனையோ.

சபைக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்றால், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலிருந்தும் அதன் கீழ் வர்த்தமானியில் வந்த துணைவிதிகளிலிருந்தும். கட்டண அளவை சபை தீர்மானம் எடுத்து நிர்ணயிக்கும். எனவே 'இது யார் வைத்த தொகை' என்று கேட்பது குழப்படி இல்லை, உங்கள் உரிமை. வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். எங்கள் வைப்பிலிருந்து கழித்த தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற தாள் இந்த வழியில்தான் கிடைத்தது. கிடங்கு மூட ஒரு தொகை, கேற்றுக்கு ஒரு தொகை என்று அதில் பிரித்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எதை ஏற்பது, எதை மறுப்பது என்று எங்களால் கதைக்க முடிந்தது.

நீங்கள் எடுக்கும் இடம் சபையுடையதுதானா என்பதையும் பாருங்கள். ஏ9 வீதியோரம் என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, பிரதேச சபையின் கடிதம் மட்டும் போதாது. குளக்கட்டு என்றால் பெரிய குளத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், சிறு குளத்துக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம். பாடசாலை மைதானத்துக்கு அதிபரும் வலயக் கல்வி அலுவலகமும். வாரச் சந்தையை சபை குத்தகைக்குக் கொடுத்திருந்தால் காசு வாங்குபவர் குத்தகைக்காரர். அவரிடமும் சீட்டு வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனி. சாப்பாடு விற்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி, எதற்கு டிப்பொசிற் என்று கேட்டதற்கு வருகிறேன். டிப்பொசிற்றே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பதினாறு கிடங்கையும் கண்ணால் பார்த்தவள் நான். பொது மைதானம் அங்கே விளையாடும் பிள்ளைகளுடையது, கெடுத்தால் திருத்த ஒரு காசு வேண்டும். ஆனால் மேடையும் ஜெனரேட்டரும் லொறியும் கொண்டு வரும் வியாபாரக் கண்காட்சிக்கும், தறப்பாளுக்குக் கீழே பணியாரச் சட்டி வைக்கும் எங்களுக்கும் ஒரே 10,000 என்பது நியாயமில்லை. அவர்களுக்கு அது ஒரு சின்னச் செலவு. எங்கள் பெண்களுக்கு அது சீட்டு, இல்லையென்றால் அடகுக் கடை, அதுவும் இல்லையென்றால் நுண்கடன். நுண்கடன் வன்னிப் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பொது இடத்தை யார் எடுக்கலாம், யார் வேலிக்கு வெளியே நிற்கவேண்டும் என்பதை அந்தத் தொகையே முடிவுசெய்துவிடுகிறது. எத்தனை கொட்டில், எத்தனை நாள், மண் கிண்டுகிறார்களா இல்லையா என்று பார்த்துத் தொகை வைக்கவேண்டும்.

இதைக் கேட்க இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு எல்லாம் செயலாளர்களின் கையில் இருந்தது. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு உங்கள் வட்டாரத்துக்கு என்று ஒரு உறுப்பினர் இருக்கிறார். வருட இறுதியில் வரவுசெலவுத் திட்டம் வைப்பதற்கு முன் அவரிடமும் தவிசாளரிடமும் கடிதம் கொடுங்கள். கடிதத்தில் 'கட்டணத்தைக் குறையுங்கள்' என்று மட்டும் எழுதாமல், எத்தனை பேர், என்ன விற்பனை, மைதானத்தை எப்படித் திருப்பித் தருவீர்கள் என்றும் எழுதுங்கள்.

நாங்கள் அப்படித்தான் எழுதினோம். இரண்டாம் முறை டிப்பொசிற்றை 4,000 ஆக்கித் தந்தார்கள். நாங்களும் மண் கிண்டவில்லை. வாளிகளில் கிறவல் நிரப்பி, அதற்குள் தடியை நட்டுத் தறப்பாளைக் கட்டினோம். காற்றுக்கு ஒன்று மட்டும் சாய்ந்தது. 4,000 ரூபாவும் முழுதாக மூன்றாம் கிழமை கைக்கு வந்தது. அந்தக் கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் பெயர்களை எடுத்துவிட்டு இங்கேயே எழுதிப் போடுகிறேன்.